தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பெட்டி

என் மனைவி சாரங்காவுக்கு வீட்டில் எது உறுமினாலும் ஆகாது. ஃப்ரிட்ஜ் விறாந்தையில் நிற்கிறது. ஃபேனைப் போட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். "ஃபேனோட உமக்கென்ன சக்களத்திச் சண்டையோ?" என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் அந்தக் கேலி ஓர் அளவோடு நின்றுவிடும். சண்டைக்காலத்தில் வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றுதான் சொல்வோம். பதினாலு வயதில், பதுங்குகுழிக்குள் அந்த வண்டின் இரைச்சலைக் கேட்டபடி கிடந்தவள் அவள். கேலிக்கு அளவு தெரிகிற எனக்குக் கோபத்துக்குத்தான் அளவு தெரியாது.

நான் கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிறவன். ஊரார் வீட்டு நல்லநாள் பெருநாளெல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. என் வீட்டுக்காரியிடமோ தகப்பனின் ஒரு படம்கூட இல்லை. இடம்பெயர்ந்தபோது ஆல்பத்தைப் பொலித்தீனில் சுற்றி வீட்டு வளவுக்குள் புதைத்தார்கள். திரும்பி வந்து கிண்டியபோது வெறும் மண்தான் வந்தது. அவளின் தகப்பன் மயில்வாகனம் மாமா திரும்பி வரவேயில்லை.

"அப்பாட குரல் ஞாபகம் இருக்கு. முகம்தான் வரவர மங்கிப் போகுது" என்று ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்தபடி சொன்னாள். வெங்காயத்துக்கு அழுகிறாள் என்றுதான் முதலில் நான் நினைத்தேன். எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

அவளுடைய பெரியம்மாவின் மகன் குகதாசன் பிரான்சில் இருக்கிறார். சமாதான காலத்தில் வட்டக்கச்சிக்கு வந்து கலியாணம் கட்டிப் போனவர். அந்தக் கலியாண வீடியோ ஒரு பழைய டிஸ்க்கில் கிடக்கிறதாம். கசெட் பூஞ்சணம் பிடித்துப் போனதால் வேறு பிரதி இல்லை. "சித்தப்பா பந்தியில சோறு போடுறது வரும், பாருங்கோ" என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார். என் லப்டொப்பில் பொருத்தியதும் அது வண்டுபோல இரைந்து, இடையிடையே டிக் டிக் என்றது. நல்லகாலம், ஆறு பாகமும் பட்டியலில் தெரிந்தன. உடனே கழற்றி வைத்தேன். சாகக் கிடக்கிற டிஸ்க் எனக்குத் தெரியாததல்ல. இன்னும் ஒரேயொரு தரம் வாசித்தால் பெரிய காரியம்.

அதனால்தான் வீட்டுக்கென்று ஒரு சேவர், படங்களைச் சேமித்து வைக்கிற ஒரு சின்னக் கணினி, கட்ட நினைத்தேன். உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கும், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அம்மாவும் அப்பிடித்தான், என்னையும் தங்கச்சியையும் ரெண்டு பங்கருக்குள்ள பிரிச்சு வைச்சவா" என்றாள்.

 பிறகு தொடர்ந்தாள். "ரெண்டு விசயம். சத்தம் போடக் கூடாது. மற்றது, அந்தப் பைக்குள்ள போகவேணும்."

எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அதற்குள். தூக்கினால் ஓடலாம். இங்கே அநேகமான வீடுகளில் அப்படி ஒரு பை இருக்கும்.

வவுனியாவில் ஸுஹைர் நானாவின் கணினிக் கடையில் நான் இந்த இரண்டு நிபந்தனையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அலுமாரியைக் கிளறி, பிஸ்கட் டின் அளவில் ஓர் அலுமினியக் கணினியை எடுத்தார். "இதுக்கு ஃபேனே இல்ல தம்பி. சூட்டை மேல்தகடு வாங்கிக்கொள்ளும்" என்றார். மடிக்கணினிக்குப் போடுகிற சின்ன டிஸ்க் இரண்டை வாங்கி, அதிர்வு கேளாதபடி பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்து உள்ளே பூட்டினேன். பெட்டியே வைஃபை கொடுக்கும், போனில் பார்க்கலாம்.

சாரங்கா கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கத்தில் இருந்தாள்.

"போடுங்கோவன்."

"போட்டுப் பத்து நிமிசம்."

கண்ணைத் திறந்து அவள் சிரித்த சிரிப்புக்கு இன்னும் பத்துச் சேவர் கட்டலாம்.

பழைய டிஸ்க்கை இணைத்துப் பிரதி எடுக்கத் தொடங்கிய அன்று நாலாவது நாளாக மழை. ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓர் ஆல்பம் கொடுக்கப் பரந்தனுக்குப் போனேன். திரும்பும்போது தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கிறார்கள், தாழ்ந்த இடத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டாம்.

வீட்டில் அவளில்லை, பையுமில்லை, பெட்டியுமில்லை. பழைய டிஸ்க் மட்டும் வயர் பிடுங்கியபடி மேசையில் கிடந்தது. லப்டொப்பில் பொருத்தினேன். மூன்று தரம் டிக் என்றது. பிறகு ஒன்றுமேயில்லை.

முழங்கால் தண்ணிக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்குப் போன வழியெல்லாம் கோபம் தலைக்கேறியது. மண்டபத்தில் சனத்தோடு சனமாக, பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு இருந்தாள்.

"தொடவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்! மற்றதை ஏன் விட்டிட்டு வந்தனீர்? அது செத்துப் போச்சு!" சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"அது உறுமிக்கொண்டு கிடந்தது" என்றாள். "உறுமுறதை ஆரும் காவிக்கொண்டு ஓடுவினமோ? இதைத்தானே தூக்கிக்கொண்டு ஓடக் கட்டித் தந்தனீங்கள்."

 என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். மூன்று பொலித்தீன் பையால் சுற்றியிருந்தாள். ஒரு துளி ஈரமில்லை.

மேடைக்கரையில் ஒரு பிளக் கிடைத்தது. போட்டேன். போனில் வைஃபை பெயர் வரவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று. ஓட்டத்தில் இதுவும் உடைந்துபோயிற்று என்றே நினைத்தேன். சாரங்கா குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் கத்துகிறார்கள். அவள் மூச்சுவிடாமல் கேட்டாள்.

"ஓடுது" என்றாள். "ஓடுது, உள்ளுக்குள்ள சுத்துது."

கொஞ்சத்தில் பெயர் வந்தது. ஆறு பாகத்தில் இரண்டுதான் பிரதியாகியிருந்தன. பந்தி கடைசிப் பாகத்தில். அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முதல் பாகத்தை ஓடவிட்டேன். பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு, கலியாணத்துக்கு நாலு நாள் முன்னமே நடந்திருக்கும். பிறகு முற்றத்தில் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்ற, ஓர் ஆள் முள்முருக்கந் தடியோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, ஒடிசலான மனிதர். பக்கத்தில் எட்டு வயதுப் பெண்பிள்ளையொன்று தடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றது.

சாரங்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. குகதாசன் அண்ணை பந்தியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

தடியை ஊன்றி முடித்து, அந்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேராகக் கமராவைப் பார்த்தார்.

"எடுத்தது காணும் தம்பி, விடிய வந்தனீ. போய்ச் சாப்பிடு."

கலியாண வீடுகளில் வீடியோக்காரனைச் சாப்பிடச் சொல்கிறவர்கள் குறைவு. நான் ஒருநாளும் கண்டிராத என் மாமா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னமாதிரி இருந்தது. 

"அப்பா" என்றாள் சாரங்கா. பிறகு, "இஞ்ச பாருங்கோ, என்ர மூக்கு அப்பாட மூக்கு."

அந்தக் காட்சி பதினொரு செக்கன்தான். எத்தனை தரம் போட்டாள் என்று நான் எண்ணவில்லை. பொழுதுபடச் சோற்றுப் பார்சல் வந்தது. நான் பெட்டியைக் கழற்றப் போனேன்.

"வேண்டாம், ஓடட்டும்" என்று சொல்லி, பாயை இழுத்து அதன் பக்கத்தில் போட்டு, தலையைப் பெட்டியில் சாய்த்துப் படுத்தாள்.