இடப்பக்கத்தில் தேடிய பெயர்

1

இந்தக் கதை பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றின் ஒரே வரியிலிருந்து கிளம்பியது. ஒரு லிஸ்டில் உள்ள பெயர்களில், டிக்‌ஷனரியின் மதிப்புகளிலும் இருப்பவற்றை மட்டும் வடிகட்டும் வரி. டிக்‌ஷனரி என்பது ஜோடிகளின் அட்டவணை: இடப்பக்கம் அடையாளம், வலப்பக்கம் அதற்கான மதிப்பு. அதை விளக்குவதற்குப் பழங்களின் பெயர்களே போதும். ஆனால் எனக்குத் திருவொற்றியூர்தான் ஞாபகம் வந்தது.

2

அன்று காலை கடல் திடீரென்று

(இந்த வரியை அடித்துவிட்டேன். அலையை வர்ணிக்கத் தொடங்கினால் ஆட்களுக்கு இடமிருக்காது.)

2004 டிசம்பர், சுனாமி வந்த வாரம். திருவொற்றியூரில் நிவாரண முகாமாகிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள் கார்குழலி. எம்.கே.பி. நகர்க்காரி, மென்பொருள் வேலை. காணாமற்போனவர்களின் பெயர்கள் அவளிடம் லிஸ்டாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் டிக்‌ஷனரியில்: இடப்பக்கம் படுக்கை எண், வலப்பக்கம் பெயர்.

(முதல் பிரதியில் அவளை மேதையாக்கியிருந்தேன். நம்பும்படி இல்லை. இப்போது சரியாகத் தூங்காத, சாதாரணக் கெட்டிக்காரி.)

இரண்டிலும் இருக்கும் பெயர்களைத் தேடி நிரலை ஓட்டினாள். ஒரு பெயரும் வரவில்லை.

3

மீன் விற்கும் சொக்கம்மாள் எதிரே நின்றாள்.

"இன்னாம்மா, எம் வூட்டுக்காரரு கீறாரா? லோகநாதன்."

"ஆஸ்பத்திரில இல்லக்கா."

"அப்ப பொணம் வச்சிருக்கிற எடத்துல போய்ப் பாக்கணுமா?"

 சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அடுத்து நின்றவர், காணாமற்போனோர் லிஸ்டில் இருந்த தவசிமுத்துவின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் கிடைச்சிட்டார்மா. இப்பதான் ஆஸ்பத்திரில பாத்துட்டு வாரேன். பேரை அடிச்சிரு," என்றார்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறவரையே நிரல் இல்லை என்றிருக்கிறது. கார்குழலி தன் வரியைத் திரும்பப் படித்தாள். டிக்‌ஷனரியில் இது இருக்கிறதா என்று சும்மா கேட்டால், பைத்தான் இடப்பக்கத்தை மட்டுமே பார்க்கும். படுக்கை எண்களுக்குள் போய் மனிதப் பெயரைத் தேடச் சொல்லியிருக்கிறாள். வலப்பக்கத்து மதிப்புகளில் தேடு என்று மாற்றினாள். பெயர்கள் வந்தன. அவற்றில் லோகநாதன்.

வாசலுக்கு ஓடினாள். "அக்கா, நில்லுக்கா! நாந்தான் தப்பா தேடிட்டேன்!"

4

இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். (வழியில் பேசவைத்துப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக ஒலித்தது.)

லோகநாதன் பெயருக்கு நேரே இருந்த எண்ணின் படுக்கையில் காலில் கட்டோடு ஒருவர் கிடந்தார். சொக்கம்மாள் கிட்டே போய் முகத்தைப் பார்த்தாள்.

"இவரு இல்லம்மா."

லோகநாதன்தான். வேறு லோகநாதன். புளியந்தோப்புக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்க்க வந்தவர்.

 "மன்னிச்சுக்கக்கா," என்றாள் கார்குழலி. சொக்கம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. படுத்திருந்தவரிடமே கேட்டாள்.

"நைனா, நீ இங்க கீறது உன் வூட்ல தெரியுமா?"

"தெரியாதும்மா. யாரு போய்ச் சொல்லுவா?"

"எந்தத் தெரு, சொல்லு."

5

சொக்கம்மாளின் கணவனுக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எண்ணூர்ப் பக்கம் கரையேறி உயிரோடு வருகிறான். மற்றதில்

இரண்டையும் நீக்கிவிட்டேன். அன்று அவன் கிடைக்கவில்லை என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

சொக்கம்மாள் புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு மாடியேறி, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த லோகநாதனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் திறக்கிறாள். இந்த இடத்தில் சொக்கம்மாள் சொல்லும் முதல் வார்த்தையைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பெண் காத்திருக்கிறாள்.