சேஷுவின் சீரகம்

சேஷுவுக்குப் பேச்சு போய்விட்டது என்று சொன்னபோது டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. பின்னே? செக்ஷன் ஆபீசர் சேஷு பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பஸ்ஸைக் கோட்டை விட வேண்டியதுதான். அதிலும் யாராவது சீரகம் என்று வாயைத் திறந்துவிட்டால் தொலைந்தார்கள்.

"சீர்னா ஒழுங்கு. அகம்னா உள்ளே. உள்ளே இருக்கறதை ஒழுங்கு பண்றது எதுவோ, அதுதான்..." என்று நிறுத்திப் புருவத்தைத் தூக்குவார். கேட்பவர் "சீரகம்" என்று முடித்துவைத்தால்தான் விடுதலை. ஜீராவும் சீரகமும் ஒரே வேர்தான் சார் என்று ஆபீஸில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். "அது உங்க அகராதில இருக்கட்டும். என் வயித்துல இது சீரகம்தான்" என்று அடித்துவிட்டார். வயிறு உப்பினால் சீரகத் தண்ணீர், விருந்து சாப்பிட்டு வந்தால் சீரகத் தண்ணீர், வெறுமனே தாகம் எடுத்தாலும் அதுவேதான். மனைவி விஜயலக்ஷ்மிக்கு அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

இப்போது அதே காது ஏங்கிக் கிடந்தது. பிப்ரவரியில் வந்த பக்கவாதம், வலது கையைக் கொஞ்சமாகத் தொட்டுவிட்டுப் பேச்சை மட்டும் மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதிலுக்கு "ஆ... ஆ..." அவ்வளவுதான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒன்றுக்காக விஜயலக்ஷ்மி வேண்டாத தெய்வம் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவள். முதல் நாளே, "வீட்டில் எந்த பாஷை பேசுவீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டாள். விஜயலக்ஷ்மி பளிச்சென்று, "ஹிந்தி சலேகா ஜி", ஹிந்தியே போதும் என்றாள். முப்பது வருஷத்து டெல்லிப் பழக்கம். காய்காரனிடமும் அதே பதில், கரண்ட் ரிப்பேர்காரனிடமும் அதே பதில். நம்மால் யாருக்கும் சிரமம் வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான், வேறென்ன?

ஆகவே பானி, ரோட்டி, சாய் என்று படம் போட்ட அட்டைகள் வந்தன. நடுவில் தமிழைக் கலந்தால் மனுஷர் குழம்பிப்போவார் என்று விஜயலக்ஷ்மி தானாகவே முடிவுகட்டி, அவரிடம் தமிழ் பேசுவதையும் விட்டுவிட்டாள். என்ன புத்திசாலித்தனம்! மூன்று மாதம் காலையும் மாலையும் "போலியே, பானி", தண்ணீர் என்று சொல்லுங்கள் என்று ஹிந்தியிலேயே கெஞ்சினாள். அவர் அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவள் சமையலுக்கு வரும் பவுனு ஒருத்திதான். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, டெல்லியின் ஒரு கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். "சாருகிட்டப் போயி ஹிந்தியா? எனக்கு வெக்கமா இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சேஷு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பவுனு ரசத்துக்கு மிளகும் சீரகமும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா சார், இன்னிக்கும் பாடம் கெடையாதா? சரி, நானே நடத்துறேன். சீர்னா ஒழுங்கு. அகம்னா உள்ள. உள்ளாற இருக்கறத ஒழுங்கு பண்றது எதுவோ, அதுதான்... அய்யய்யோ!"

ரசம் பொங்கிவிட்டது. அவள் அடுப்பை அணைக்கத் திரும்பினாள்.

"சீ... சீரகம்."

கூடத்தில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி அவற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏன்னா! இன்னொரு தரம் சொல்லுங்கோ!"

"சீரகம்" என்றார் சேஷு. அவருக்கே நம்பமுடியாமல் சிரிப்பு வந்தது. "சீரகம், சீரகம்!"

"அடி ஆத்தா!" என்று பவுனு கரண்டியோடு அழுதாள்.

விஜயலக்ஷ்மி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் பவுனு. எந்த பாஷைன்னு அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் கேட்டா. நான்தான் வாய்கூசாம ஹிந்தின்னேன். மூணு மாசம் இவரோட வாயை நானேன்னா கட்டிப்போட்டிருக்கேன்!"

"அழுவாதீங்க மாமி. அதான் வந்துடுச்சில்ல?"

"உன்னாலடி. நீ நன்னா இருக்கணும், உன் குழந்தைகள் நன்னா இருக்கணும்." பவுனுவின் மிளகு வாசனைக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் என்னாத்தப் பண்ணேன்? சார் சொல்லிக் குடுத்தத சாருக்கே சொன்னேன்" என்று பவுனு கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டாள்.

உடனே பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டில் தமிழ்தான், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றாள் விஜயலக்ஷ்மி. அந்தப் பெண் கோபிக்கவில்லை. வார்த்தைகளை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், வழியை நான் காட்டுகிறேன் என்றாள்.

மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து வைத்தார்கள். சேஷு இடது கையால் ஸ்பூனைப் பிடித்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். நெற்றி சுருங்கியது. உதடு எதையோ தேடித் தேடித் தடுமாறியது. இரண்டு பெண்களும் கிட்டே வந்து குனிந்தார்கள்.

"உப்பு..." என்றார். "உப்பு... போறலை."

கல்யாணமான நாளாய் இப்படி அவர் குறை சொல்லும்போதெல்லாம், நாளைலேர்ந்து நீங்களே பண்ணிக்கோங்கோ என்று சீறியவள் விஜயலக்ஷ்மி. இன்று உள்ளே ஓடி உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுங்கோ" என்றாள். "இன்னும் என்னவெல்லாம் போறலை, சொல்லுங்கோ."