கண் திறக்கலாம்

சைரன் அலறியதுதான் தாமதம், அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

அக்காவும் மூடிக்கொண்டாள். அதோடு பக்கத்து இருக்கையில் இருந்த தம்பியின் முழங்கையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். பொய்ப்பல் செய்யும் கூடத்தில், நாளெல்லாம் பல் செட்டுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவள்தான். ஆனாலும் ‘விழியுண்ணி’ என்றால் அவளுக்குப் பயம். பயந்தாலும் விடமாட்டாள், முதல் நாளே வந்து நடுங்கினால்தான் அவளுக்குத் திருப்தி.

விழியுண்ணி படங்களைப் பார்த்திராதவர்களுக்கு இந்தக் கண்மூடலைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். விண்கலத்துக்குள் புகுந்துகொண்ட ஒரு ஜந்து. திறந்திருக்கும் கண் வழியாகத்தான் அது மனிதனுக்குள் நுழையும். சைரன் ஒலித்தால் எல்லோரும் கண்ணை மூடி, சிலையாக இருக்க வேண்டும். கேப்டன் “கண் திறக்கலாம்” என்று சொன்ன பிறகே திறக்க வேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் திறந்தவன் கதை அதோடு முடிந்தது. திரையில் அவர்கள் மூடினால் அரங்கில் ரசிகர்களும் மூடுவார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம்.

இன்று வந்திருப்பது முன்கதை. ஜந்து எங்கிருந்து வந்தது, அந்த இரண்டு வார்த்தையை முதன்முதலில் சொன்னது யார் என்று எல்லாம் இதில் தெரிந்துவிடும். சொன்னது ஒரு பெண் கேப்டன் என்று மாதக்கணக்கில் வதந்தி.

“பொம்பளை கேப்டனா? சும்மா கிளப்பி விடுறாங்கக்கா” என்று தம்பி வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தான். டயர் கடைக்காரன். ரசிகர் குழுவுக்குத் தலைவன் வேறு. எல்லோரும் அவனையே ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் வருவது போலவே வெல்டிங் கண்ணாடியில் தானே ஒரு கறுப்புக் கண்ணாடி செய்து மாட்டியிருந்தான். சின்ன வயதில் மின்சாரம் போனால் அவள் அலறுவாள். அவன்தான் தட்டுத்தடுமாறி வந்து கையைப் பிடிப்பான். அந்தத் தைரியத்தில்தான் இந்த மாதிரிப் படங்களுக்கே அவள் வருவது.

சைரன் நிற்கவில்லை.

மற்ற படங்களில் அது ஏறி இறங்கி ஊளையிடும். இது ஒரே சுருதியில் காதைக் குடைந்தது. முன்கதை அல்லவா, அப்போது இன்னும் பழைய சைரனாக இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து வாடை வந்தது. வயர் கருகும் வாடை.

“பலே! வாசனையெல்லாம் விடுறான்பா” என்று பின்வரிசையில் ஒரு குண்டு மாமா ரசித்தார்.

“மாமா, பேசாதீங்க. உண்ணி உங்க பக்கம் வந்துரும்” என்றான் அவர் பக்கத்தில் ஒருவன்.

“என்னைச் சாப்பிட்டா அதுக்கு ஒரு மாசம் பசிக்காது.”

அடக்கிய சிரிப்பு வரிசை வரிசையாக ஓடியது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை கரகரத்தது. திரையிலிருந்து ஒரு பேச்சு இல்லை, ஒரு காலடிச் சத்தம் இல்லை. இத்தனை நேரமா ஒரு கேப்டன் வாயைத் திறக்காமல் இருப்பார்?

திறந்தால் சட்டத்தை மீறினவளாவாள். தம்பி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். ஆனது ஆகட்டும் என்று ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தாள்.

திரையில் படமே இல்லை.

வாசல்களுக்கு மேலே எரிந்த சின்னப் பச்சை விளக்குகளின் வெளிச்சத்தில், கூரையிலிருந்து புகை கரும்போர்வையாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அரங்கு முழுக்க மனிதர்கள், கண்களை மூடி, முகத்தில் புன்னகையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எந்த விழியுண்ணிப் படத்திலும் அவள் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

“டேய், எழுந்திருடா! நிஜமாவே நெருப்பு!” என்று தம்பியை உலுக்கினாள்.

கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் கல்லாக இருந்தது. கை விறைத்திருந்தது. தலைவனாயிற்றே, சட்டத்தை விடுவானா?

“நெருப்பு! எல்லாரும் கண்ணைத் திறங்க!” என்று கத்தினாள்.

“யாரும்மா அது? முதல் நாளே படத்தைக் கெடுக்கிறது?”

“ஒவ்வொரு தடவையும் இப்படி ஒண்ணு வந்துரும். உட்காரும்மா!”

தம்பியை இழுத்துப் பார்த்தாள்; அம்மிக்கல் மாதிரி அசையவில்லை. அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்மாவிடம் என்ன சொல்வது? புகை கடைசி வரிசைத் தலைகளைத் தொட்டுவிட்டது. அங்கே யாரோ இருமினார்கள். கண்ணை மூடியபடியே இருமினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வதந்தி நினைவுக்கு வந்தது. பெண் கேப்டன்.

இருக்கை மேல் ஏறி நின்றாள். குரல் நடுங்கினால் காரியம் கெட்டது. அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்:

“கண்… திறக்கலாம்.”

“ஆகா! பொம்பளை கேப்டன்தான்டா!” என்று எங்கோ ஒரு விசில் பறந்தது. கைதட்டல் எழுந்தது. கண்கள் திறந்தன. தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் அப்படியே நின்றன.

அடுத்த நொடி அலறல். “ஓடாதீங்க! பக்கத்து வாசல்! குனிஞ்சு போங்க!” என்று அவள் அதே குரலில் கத்த, கேப்டன் சொல்லுக்குப் பழகிய கூட்டம் குனிந்தது. குண்டு மாமா வாசலை விட்டுத் திரும்பி வந்து தம்பியின் இன்னொரு கையைப் பிடித்தார். இருவரும் அவனை மூட்டை போல இழுத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்து விழுந்தார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் வெயிலில் கண் கூசியது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இருமலைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“எஃபெக்ட் நல்லாயிருக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்மா” என்று மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அக்காவுக்கு இப்போதுதான் உடம்பு உதறத் தொடங்கியது. அந்த உதறல் அப்படியே கோபமாக மாறியது. தரையில் உட்கார்ந்திருந்த தம்பியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“ரசிகனா இருக்கலாம்டா, இப்படியா கிறுக்குப் பிடிச்சு அலைவாங்க? தொண்டை கிழியக் கத்துறேன், கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கே! உன் சட்டம் உயிரை விடப் பெருசா?”

தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே கண்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. அவளை நிமிர்ந்து பார்க்காமல் மெல்லச் சொன்னான்:

“நான் கண்ணை மூடவே இல்லக்கா. மொதல் புகை வந்ததுலேருந்து பார்த்துட்டேதான் இருந்தேன். கை காலுதான் வரல.”