தோமையார் பங்கு

வல்லத்துக்குக் கிழக்கே, ஏரி மதகுக்குக் கீழே, பன்னிரண்டு பங்கு நிலம் இருந்தது. பஞ்ச காலத்தில் வேதத்தில் சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வாங்கிக்கொடுத்தது. பங்குக்கு ஒரு அப்போஸ்தலர் பெயர். மதகடியில் இராயப்பர் பங்கு, அடுத்தது அருளப்பர் பங்கு, நடுவில் தோமையார் பங்கு. கடைமடையில் உவர் பூத்துக் கிடந்த கடைசிப் பங்குக்குச் சாமியார், காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்குப் பிறகு வந்த மத்தியாவின் பெயரைத்தான் வைத்துவிட்டுப் போனார். ஊர் வாயில் அது யூதாசு பங்கு. அதை உழுத அப்பாவிக்கும் தலைமுறை தலைமுறையாக யூதாசு என்றே பெயர்.

நிலத்துக்கு ஒரு கட்டு இருந்தது. விற்கக் கூடாது, துண்டு போடக் கூடாது. ஒரு பங்குக்கு ஒரே ஆள். மூன்று பிள்ளை பெற்றவன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு பேரையும் செஞ்சிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்க அனுப்ப வேண்டியதுதான். பங்குக்காரன் தொடர்ந்து மூன்று சம்பா போகத்துக்கு ஊரில் கால் வைக்காவிட்டால் பங்கு பொதுவுக்குத் திரும்பிவிடும்; பொது அதைப் பங்கில்லாத ஒருவனுக்குக் கொடுக்கும். பங்குக்காரன் செத்தால், அவன் குழியில் முதல் மண் போடுகிற வாரிசுக்குப் பங்கு. பெண்ணாக இருந்தாலும் சரி, ஆனால் அவள் புருஷன் இந்த ஊரிலேயே இருந்து உழ வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ நிலம் கோவணத் துண்டாகக் கிழிந்து கைமாறிப் போனபோது, இந்தப் பன்னிரண்டு பங்கும் வரப்புக் குலையாமல் கிடந்தது இந்தக் கட்டினால்தான். நிலத்தைக் காப்பாற்றக் கட்டு போட்டார்கள். மனுஷரைக் காப்பாற்ற ஒருத்தரும் போடவில்லை.

தோமையார் பங்கு பிலவேந்திரனுடையது. அவருக்கு வாதத்தில் ஒரு கையும் ஒரு காலும் விழுந்ததும், ஊரைக் கூட்டி மகன் காஸ்பரிடம் பங்கை ஒப்படைத்தார். காஸ்பர் ஒரே ஒரு சம்பா உழுதான். இந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டு திண்டிவனம் ரயிலடிக்குப் போனவன், பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டான். பிறகு சிங்கப்பூர் விழுந்தது என்று செய்தி வந்தது. அதோடு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

வீட்டில் மிஞ்சியவள் மகள் ஜோசப்பின். கல்யாண வயசு கடந்துகொண்டிருந்தது. நாற்று விட்டாள், கூலிக்கு ஆள் பிடித்து உழவு ஓட்டினாள், ராத்தண்ணீர் முறைக்கு மண்வெட்டியோடு போய் வரப்பில் நின்றாள், வீட்டுக்கு வந்து தகப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். கிழவர் அவளை ஒரு நல்ல வார்த்தை சொன்னவரில்லை. கஞ்சி ஊட்டும்போதும் அவர் கண் வாசலில்தான் இருக்கும்.

"காஸ்பரு வந்துட்டானா?" என்பார்.

"வந்துட்டான், வாயத் தொறங்க நைனா" என்று அவளும் கரண்டியை நுழைப்பாள்.

மூன்றாவது சம்பா கதிர் வாங்கியபோது நாட்டாமை அருள்சாமி வீட்டுக்கு வந்தார். நாட்டாமைக்கு இராயப்பர் பங்கு. அது மூத்த மகனுக்குப் போய்விட்டது. இரண்டாவது மகன் மரியசெல்வம் பங்கில்லாமல், பெண் கொடுப்பாரும் இல்லாமல், ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இந்த அறுப்போட மூணு சம்பா முடியுதும்மா" என்றார் அருள்சாமி. "காஸ்பரு உயிரோட இருக்கான்னா பங்கு பொதுவுக்குப் போவுது. செத்துட்டான்னா வாரிசு நீ. இதுல நான் சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

"செத்தானா இல்லியான்னு யாருக்குத் தெரியும், நாட்டாமை?"

"மண்ணு போட்டுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஜோசப்பினுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பங்கு போனால் படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவரை எந்தத் தெருவில் கொண்டுபோய்ப் போடுவது? சரி என்றாள். கோயிலுக்குப் பூசைக்கு வருகிற சாமியார் செத்த ஆத்துமாவுக்கு என்று பூசை வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி ஏரிக்கரை தாண்டிய பிறகு பெட்டி செய்து புதைத்தது ஊராரின் வேலை. பெட்டிக்குள் காஸ்பரின் சட்டையை மடித்து வைத்தார்கள். லேசாக இருந்தால் தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று இரண்டு கல்லும் வைத்தார்கள். ஜோசப்பின் முதல் மண் போட்டாள். அந்தத் தையிலேயே மரியசெல்வம் அவளுக்கு மாலை போட்டு வீட்டோடு வந்து சேர்ந்தான்.

பிலவேந்திரன் அவளிடம் கடைசியாகப் பேசியது மண் போட்டுவிட்டு வந்த அன்றுதான். "உசுரோட இருக்கிறவனுக்கு மண்ணு போட்டுட்டு வந்தியாடி, பாவி?" என்றார். அதற்குப் பிறகு அவள் கைக் கஞ்சியைத் துப்பினார். மாசியில் தவசு காலம் பிறக்கும் முன்னே செத்தும் போனார். ஆண்டுக்கணக்காக அள்ளிக் கொட்டிய மகளுக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ஆவணியில், செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சியில் மேகம் இறங்கியிருந்த ஒரு காலை. ஜோசப்பின் நாற்றங்காலில் நாற்று பறித்துக்கொண்டிருந்தாள். மகள் மணிலாத்தா வரப்பில் உட்கார்ந்து சேற்றை உருட்டிக்கொண்டிருந்தாள். காக்கிக் கால்சட்டை போட்ட ஒருத்தன் வரப்பில் ஒரு காலை இழுத்து இழுத்து வந்து நின்றான். கண் மஞ்சளாக இருந்தது, பல் பாதி இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாப்பா" என்றான்.

உலகத்தில் அவளைப் பாப்பா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கையிலிருந்த நாற்று முடி தண்ணீரில் விழுந்தது. சேற்றோடு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள். பொய் அழுகை இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி வைத்தாள். அவன் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அந்தக் களியைத் தின்று முடிக்கிற மட்டும் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள்.

"நைனா எப்ப போனாரு?"

"ரெண்டு வருசம் ஆச்சு. உன் பேரச் சொல்லிக்கினேதான் போனாரு."

"ம்" என்று விரலை நக்கினான். "பங்கு எப்டி இருக்குது? மேற்கால வரப்பு இன்னா அப்டி மெலிஞ்சி கிடக்குது? சரி வுடு, இனிமே நான் பாத்துக்கிறேன். நீ வூட்டப் பாரு."

ஜோசப்பின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்படிப் பிழைத்தாய் என்று அவன் அவளைக் கேட்கவில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தங்கைக்கு மட்டும் வேறு சட்டமா? வாசலில் நின்றிருந்த மரியசெல்வம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போனான்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காஸ்பரை மதகடிப் புளியமரத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். ஜோசப்பினை அருள்சாமி கிணற்றடியில் பிடித்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவன் உன் அண்ணன்னு நீ ஒத்துக்கினா, அவன் சாகலன்னு ஆவுது. சாகலன்னா நீ போட்ட மண்ணு செல்லாது. மூணு சம்பா அன்னிக்கே முடிஞ்சிபோச்சு. பங்கு அவனுக்கும் இல்ல, உனுக்கும் இல்ல. பொதுவுக்கு."

"அப்டின்னா அவன் எங்க போவான், மாமா?"

"நீ எங்க போவேன்னு யோசி. உன் பொண்ணு எங்க போவும்னு யோசி. அங்க பிரகாசம் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்கிறான்."

பிரகாசம் அருளப்பர் பங்குக்காரன். பங்கில்லாத பிள்ளைகள் வீட்டில் வளர்ந்து நின்றார்கள். பொதுவுக்கு ஒரு பங்கு திரும்பினால் அடுத்த முறை அவன் வீட்டுக்கு. ஜோசப்பின் மரத்தடிக்கு வந்தபோது அவன்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா நாடகம் இது? இவன் காஸ்பரு. எங்கூடக் கோலி ஆடினவன். பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தா மூஞ்சி மாறாதா? வாங்கடா, கேளுங்கடா அவன!"

காஸ்பர் எழுந்து நின்று எல்லாம் சொன்னான். தங்கள் மாட்டின் பெயர் சொன்னான். அம்மா செத்த வருஷம் ஏரி உடைந்ததைச் சொன்னான். தங்கச்சி சின்னப் பிள்ளையில் கருக்கரிவாளால் கீறிய தழும்பு என்று முழங்கையைத் தூக்கிக் காட்டினான். பேசப் பேச அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. தன்னை நிரூபிப்பது இவ்வளவு லேசா என்பது போல.

"வெளியாள் சாட்சி எதுக்கு?" என்றார் அருள்சாமி. "கூடப் பொறந்தவ இருக்கிறா. அவ சொல்லட்டும். இவன் உன் அண்ணனாம்மா?"

ஜோசப்பின் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். எதிரே ஏரிப் பாசனம் முழுக்கப் பச்சையாகக் கிடந்தது. நடுவில் அவளுடைய நாற்றங்கால்.

"எங்க அண்ணன் செத்துட்டான்" என்றாள். "இந்த ஆளு யாருன்னு எனுக்குத் தெரியாது."

காஸ்பரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. "பாப்பா, இன்னா சொல்ற? காலையில சோறு போட்டியே" என்றான்.

"பசின்னு வந்தாரு. போட்டேன்."

பிரகாசம் விடுகிற ஆளில்லை. வேதம் படித்தவன் வேறு. சாலமோன் ராசா பிள்ளையை வெட்டச் சொல்லித் தாயைக் கண்டுபிடித்த கதை அவனுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"சரி. அடுத்தவன் பங்குக்குப் பொய் சொல்லி வந்தவனுக்கு நம்ம கட்டு இன்னா? பங்குக்காரங்க கையால தொடப்பக்கட்டை அடி. வூட்டுக்காரனக் கூப்புடாதீங்க. பங்கு இவ பேருல இருக்குது, இவளே அடிக்கட்டும். கூடப் பொறந்தவளா இருந்தா கை வராது. வந்துட்டா நான் வாய மூடிக்கிறேன்."

அருள்சாமியால் மறுக்க முடியவில்லை. கட்டு கட்டுதான். யாரோ கோயில் பெருக்குகிற துடைப்பத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். மரியசெல்வம் குழந்தையை வாங்கிக்கொண்டான். காஸ்பர் மரத்தடியில் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் நின்றவர்கள் அப்படி அழுத்திவிட்டிருந்தார்கள்.

ஜோசப்பின் அடித்தாள். தோளில் பட்டது. அடியே இல்லை அது, தூசி தட்டுவது போல.

"இன்னாம்மா, பூவால அடிக்கிறியா?" என்றான் பிரகாசம்.

மறுபடி அடித்தாள். கழுத்தில் ஈர்க்குச்சி கீறியது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், யாரோ ஒருத்தனை அடிக்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு. கண்ணைத் திறந்தபோது காஸ்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அருள்சாமியின் வேர்த்த முகத்தைப் பார்த்தான், பிரகாசத்தைப் பார்த்தான். அவனும் இந்த ஊர்க் கட்டில் பிறந்து வளர்ந்தவன்தானே. மூன்று சம்பா என்ன ஆயிற்று, தான் உயிரோடிருந்தால் யாருக்குப் பங்கு போகும் என்பதெல்லாம் அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

"அடிக்காதம்மா" என்றான். ஊரைப் பார்த்துக் கும்பிட்டான். "நான் காஸ்பரு இல்லீங்க. அந்தக் காஸ்பரு கூட ஜப்பான்காரன் காம்புல கைதியாக் கிடந்தவன். செத்துப்போறதுக்கு முன்னாடி அவன் ஊர்க்கதயெல்லாம் சொன்னான். சோத்துக்கு இல்லாம ஆசப்பட்டு வந்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

பெரிய மனசு. யாருக்கும் கேட்டவுடனே தெரிகிற பெரிய மனசு. பிரகாசம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான். அருள்சாமி மூச்சு விட்டார். "முடிஞ்சிது. தொடப்பத்தக் கீழ போடும்மா" என்றார்.

அவள் போடவில்லை.

பட்டாளத்துக்கு ஓடினவன் அவன். வாசலையே பார்க்க வைத்தவன் அவன். நைனா அவள் கைக் கஞ்சியைத் துப்பியது அவனுக்காக. இப்போது ஒரு வார்த்தையில் பங்கையும் பிச்சை போட்டுவிட்டு, அவளைப் பாவியாக்கிவிட்டு, அவனே நல்லவனாகப் போகப் பார்க்கிறான். ஜோசப்பின் துடைப்பத்தைத் திருப்பி, அடிக்கட்டை முன்னால் வரும்படி பிடித்தாள். முகத்தைப் பார்த்து ஓங்கி அடித்தாள். கட்டு அவிழ்ந்து குச்சி சிதறியது. மிச்சமிருந்த பல்லில் ஒன்று உதட்டோடு போய் ரத்தம் காக்கிச் சட்டையில் ஒழுகியது.

அந்த அடியை அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஊரான் ஒருத்தனை யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவனைத்தான் அப்படி அடிக்க முடியும். அது மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பிரகாசத்துக்கும் புரிந்தது. அவன் வாயைத் திறந்தான். அவள் நின்ற நிலையைப் பார்த்தான். தன் பிள்ளைகளுக்குப் பங்கு வாங்கித்தர அந்த ஒரு அடி போதும், வாயைத் திறந்து சொன்னால் போதும். அவனால் முடியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

காஸ்பர் எழுந்து வாயைத் துடைத்தபடி ஏரிக்கரை ஏறி, செஞ்சி ரோட்டைப் பார்த்து நடந்தான். குழந்தை அந்தப் பக்கம் கையை நீட்டி, "மாமா" என்றது. காலையில் களி கிண்டும்போது ஜோசப்பின்தான் அதற்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.