கொம்பிரசருக்குக் கட்டிய பெட்டி

ஆறு வருடமாக அஜந்தா கெஞ்சியும் குறையாத கொம்பிரசர் சத்தம், பக்கத்து வீட்டுக்கு ஒரு நேர்ஸ் குடிவந்து ஆறே கிழமையில் குறையத் தொடங்கியது. சந்தேகம் வர வேறென்ன வேண்டும்?

கல்லடியில், வீட்டோடு ஒட்டிய கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் அவள் கணவன் உதயரூபன். டயருக்குக் காற்றடிக்கவும் காபரேட்டரை ஊதித் துப்புரவாக்கவும் வைத்திருந்த அந்தக் கொம்பிரசர் ஓடினால் குசினியில் கோப்பைகள் நடுங்கும். தலை வெடிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், தொழில் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று வாயை அடைத்தவன் அவன். இப்போது என்னடாவென்றால், பழைய டயரை வெட்டி அதன் கால்களுக்கு அடியில் வைக்கிறான். காற்று இழுக்கும் வாயில் நீளக் குழாய் பூட்டி, பழைய கார் ஒன்றின் பில்டர் பெட்டியை மாட்டுகிறான். நல்ல பலகை வாங்கி, உள்ளே ஸ்பொஞ்சு ஒட்டி, சூடு வெளியேற ஓட்டை விட்டு, கொம்பிரசருக்கு வீடே கட்டுகிறான். அஜந்தா கேட்ட குசினி அலுமாரிக்கு மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.

ஏன் இந்தத் திடீர் அக்கறை என்று கேட்டதற்கு, வதனி மிஸ் இரவு வேலை முடித்துப் பகலில் படுக்கிறவ, பாவம் என்றான். பாவமாம்! கட்டின பெண்டாட்டி ஆறு வருடம் பாவமாகத் தெரியவில்லை. 

அதோடு விட்டதா? கொஞ்ச நாளாகவே கூப்பிட்டால் திரும்புவதில்லை. எது சொன்னாலும் தலையாட்டிச் சிரிக்கிறான். போன வெள்ளிக்கிழமை வேலியடியில் வதனி ஒரு மடித்த தாளைக் கொடுக்க, இவன் அவசரமாகச் சட்டைப் பைக்குள் செருகியதை அஜந்தா கண்ணாலேயே கண்டாள். துவைக்க எடுத்தபோது தாள் இல்லை. மனம் வேறெங்கோ போனவனுக்குத்தான் பெண்டாட்டியின் குரல் காதில் விழாது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவனை இழந்துவிடுவேனோ என்ற பயம் அவளைத் தின்றது.

ஞாயிறு பின்னேரம் பெட்டி வேலை முடிந்தது. கொம்பிரசரைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

“கிணத்தடியில போய் நிண்டு, எவ்வளவு கேக்குதெண்டு சொல்லு புள்ள.”

போய் வந்து சொன்னாள். அடுத்து வாசல் கேற்றடிக்கு அனுப்பினான். பிறகு பின்வேலிக்குப் போகச் சொன்னான். ஓடுகிற சத்தம் இவனுக்கே தெரியாதா? என்னை அப்புறப்படுத்திவிட்டு இங்கே என்ன நடக்கிறது? அவள் பின்வேலிக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றி வந்து கராஜின் பக்கக் கதவால் மெல்ல நுழைந்தாள்.

வதனி அங்கே இல்லை. உதயரூபன் தனியே, அவளுக்கு முதுகைக் காட்டி, நட்டுக் கழற்றும் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். காற்று நிரம்பியதும் கொம்பிரசர் தானாக நின்றது. கராஜ் முழுக்க அமைதி. இதைவிட்டால் கேட்க வாய்க்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“அவவோட போறதெண்டா போங்க. எனக்குப் பொய் மட்டும் சொல்லாதீங்க.”

அவன் திரும்பவில்லை. அவள் குரலை உயர்த்தி அதையே மறுபடி சொன்னாள். அவன் சாவியைத் துடைத்தபடியே இருந்தான். துணியை எறியத் திரும்பியபோதுதான் அவளைக் கண்டான். முகம் மலர்ந்தது.

“இப்ப எப்பிடி? ஓடுறது தெரியுதா?”

அஜந்தா நின்றுபோன கொம்பிரசரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் முகத்தைக் கண்டு அவனுக்கும் விளங்கிவிட்டது. சாவிப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தந்தான். காது டொக்டரின் பெயரும் கிளினிக் நாளும் அதில் இருந்தன. வேலியடியில் நாலு தரம் கூப்பிட்டும் திரும்பாதவனுக்குக் காதில் கோளாறு என்று வதனிதான் கண்டுபிடித்திருக்கிறாள்.

“இடது காது போயிற்று. மற்றதும் கிட்ட வந்து சொன்னாத்தான் கேக்குது. இந்தச் சத்தத்தைக் குறைக்காட்டி அதுவும் போயிருமாம். எஞ்சின் சத்தம் கேட்டுத்தானே நான் பிழை பிடிக்கிற? செவிட்டு மெக்கானிக்கிட்ட ஆரு பைக் தருவான்? உன்னட்டச் சொல்லவும் வெக்கமாக் கிடந்திச்சு.”

 தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவன் அவள் உதடுகளையே பார்த்தபடி நின்றான்.

“பின்னால நிண்டு என்னவோ சொன்ன போல?”

அஜந்தா எழுந்து அவனுடைய வலப்பக்கம் போனாள். காதோடு வாயை வைத்து, “தேத்தண்ணி குடிக்க வாங்கண்டு கூப்பிட்டன்” என்றாள்.