ஒரு ஸ்பூன் கூடுதல் சர்க்கரை

“சர்க்கரை ஜாஸ்தி” என்றான் லிஃப்ட் மெக்கானிக், முதல் மடக்கிலேயே. “ஏற்கெனவே மூளைக் கோளாறு. கூடவே சர்க்கரை வியாதியும் வரட்டும், ஜோடியா இருக்கும்னு பாக்கறியா?”

அவன் கேலி பேசிக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! டம்ளர் காலியாகும்வரை அவன் மனைவி பக்கத்திலேயே நின்றாள். அடியில் ஒன்றும் தங்கவில்லை. நல்லவேளை.

கேக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். எந்தக் கசப்பை எதில் மறைக்கலாம் என்பது கைக்குத் தெரியும். சூடான கோகோ, ஒரு ஸ்பூன் கூடுதல் சர்க்கரை, அதற்குள் நன்றாகப் பொடித்த மாத்திரை.

அவன் சாப்பிடக் கூடாத மாத்திரை.

போன வருடம் லிஃப்ட் இறங்கும் குழிக்குள் பழுது பார்க்கப் போனவன், வேலை முடிந்தும், லிஃப்ட் தன்மேல் இறங்கட்டும் என்று மேலே வர மறுத்துவிட்டான். கூட இருந்தவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, இழுத்து வெளியே போட்டார்கள். அன்றிலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை. அது அவனை உயிரோடு வைத்திருந்தது. அவ்வளவுதான், மற்றபடி சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் புது ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். மாயக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை மருந்தாகக் கொடுக்கிறார்களாம்.

“சோர்வுல மூளை ஒரே தடத்துல சுத்திக்கிட்டே இருக்கும் சார்” என்று விளக்கினாள் ஆய்வு நடத்தும் டாக்டர். “இந்த மருந்து சில மணி நேரம் அந்தத் தடத்தைக் கலைச்சு விடும். பேசாத பகுதிங்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசும். கலர் தெரியும், அழுகை வரும், பயம்கூட வரலாம். அதுக்கப்புறம் சில பேருக்குப் புதுசா யோசிக்க வழி கிடைக்குது.”

“நான் ஒரே மாடியில மாட்டிக்கிட்ட லிஃப்ட் டாக்டர். நீங்க கதவைத் திறந்தா போதும்” என்றான் அவன். கண்ணில் ஆசை தெரிந்தது.

ஒரே நிபந்தனை: பழைய மாத்திரையை முன்கூட்டியே அடியோடு நிறுத்த வேண்டும். அது உடம்பில் இருந்தால் புது மருந்து தட்டினாலும் மூளை திறக்காமல் போகலாம். மிச்ச மாத்திரைகளை எறிந்துவிட்டேன் என்று மனைவி டாக்டரிடம் சொன்னாள். எறியத்தான் நினைத்தாள்.

நிறுத்தியதும் அவன் சரிந்தான். தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டான். ஒரு காலையில், எழுந்து உட்கார்ந்து, மிகவும் நிதானமாகக் கேட்டான்: “லிஃப்ட் குழியோட சாவி எங்க வச்சிருக்கே?”

அவன் வேலைப் பையிலிருந்து முன்பே எடுத்துவைத்திருந்த அந்தச் சாவியை அவள் கேக் கடையில் கொண்டுபோய் ஒளித்தாள். அன்று சாயங்காலம் முதல் மாத்திரையைப் பொடித்தாள். பாழாய்ப்போன ஆய்வு, ஆள் இருந்தால்தானே!

சீக்கிரமே அவன் நிமிர்ந்தான். தானாகச் சவரம் செய்துகொண்டான். அரை நாள் வேலைக்குப் போய்வந்தான்.

“பாத்தியா? மாத்திரை இல்லாம நிக்கறேன்! நானே!” என்று மார்பைத் தட்டினான்.

அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

மருந்து கொடுக்கும் நாளன்று ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதே காதைத் தீட்டினான். “உரசுது, கேக்குதா? தேஞ்சு போச்சு. யாருடா பாக்கறான் இதை?” உற்சாகமாகத் திட்டினான்.

மெத்தை, கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதில் மெல்லிய இசை. பக்கத்தில் டாக்டர். மனைவி வெளியே காத்திருந்தாள். சாயங்காலம் அவன் வெளியே வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஒண்ணுமே நடக்கலை. எனக்கு மட்டும் டூப் மாத்திரை குடுத்தீங்களா?”

“இல்ல சார். இங்க எல்லாருக்கும் நிஜ மருந்துதான்” என்ற டாக்டர் தயங்கினாள். “பழைய மாத்திரை ஏதாவது…?”

“சத்தியமா இல்ல. இவளைக் கேளுங்க, இவதான் தூக்கி எறிஞ்சா.”

டாக்டர் அவளைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

லிஃப்ட் இறங்கியது. உரசல் அப்படியே இருந்தது. அவன் கவனிக்கவேயில்லை.

“இந்த மருந்துக்கே அசையலைன்னா, என்னோடது செத்த மூளைடி. இனிமே வைத்தியம், கியித்தியம்னு எவனும் வரக் கூடாது. அந்தச் சாவியைக் குடுத்துடு.”

“ஏங்க…” அவள் அவன் சட்டையைப் பற்றினாள். “உங்க மூளை மேல தப்பில்ல. நான்தான். கோகோவுல… தினமும் போட்டேன். எனக்கு வேற வழி தெரியலைங்க.”

கதவு திறந்து, மூடிக்கொண்டது. அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தாள். அவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

“அப்ப… சவரம் பண்ணிக்கிட்டேனே. வேலைக்குப் போனேனே. அது?”

அவள் மேல்மாடிப் பொத்தானை அழுத்தினாள்.

“அதுவும் நான் இல்லையா?”

மறுபடி மேலே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்: “இன்னொரு தடவை குடுங்க டாக்டர், ஒரே ஒரு தடவை!” விதி இடம் கொடுக்காது என்றாள் டாக்டர். இந்த ஆய்வில் ஒருவருக்கு ஒரு முறைதான். பழைய மாத்திரையையே முறையாகத் தொடரச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் அடுப்படிக்கு வந்தான். கோகோ டப்பாவைத் திறந்த அவள் கையை ஒதுக்கிவிட்டு, தானே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தான். மாத்திரையை அவள் முன்னால் வாயில் போட்டு விழுங்கினான். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

“பாத்துக்கிட்டியா?”

“ஏங்க, வேண்டாங்க…”

“பாத்துக்கோ” என்றான் அமைதியாக, சுவருக்குத் திரும்பிப் போவதற்கு முன்.

இப்போதெல்லாம் தினமும் காட்டுகிறான். அவளும் தினமும் பார்க்கிறாள். சாவி இன்னும் கேக் கடையில்தான் இருக்கிறது.