நாலாவது துணி

சிஸ்டரம்மாவிடம் ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. இரண்டும் ஒன்றேதான்: கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகவே காலம் தள்ளியவர். அங்கே பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் நோயாளியின் உயிர் போய்விடும். ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்த பிறகும் அதே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்களின் நிம்மதி போய்விடும். இந்த இரண்டாவது சங்கதி மட்டும் அவருக்கு எட்டவே இல்லை.

அதனால்தான், மருமகள் ஓட்டிவந்த கார் நாலு சாலை கூடும் இடத்தில் நட்டநடுவில் உயிரை விட்டபோது, பக்கத்து சீட்டில் இருந்த சிஸ்டரம்மா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மகனிடம் ஒப்பித்துவிட்டார்.

"நடு ரோட்டுல நிறுத்திட்டாடா. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற அடியில என் காதே போயிடுச்சு. இவ என்னடான்னா சாவியைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா!"

"எத்தனை தடவைம்மா சொல்றது, இவளுக்கு கிளட்ச் பிடிபடல," என்றான் மகன். "அதே கார்தானே? எங்கிட்ட ஒரு நாளாவது நின்னிருக்கா?"

நின்றதில்லை. அது உண்மை. மகனின் கையில் அந்தப் பழைய கார் சொன்ன பேச்சைக் கேட்கும். மருமகளிடம்தான் ஒவ்வொரு சிக்னலிலும் முரண்டு பிடிக்கும். ஆகவே தீர்ப்பு உடனே வந்தது: திங்கட்கிழமை முதல் சாவி மகனிடம் இருக்கும். அவனுக்கு ஒழிகிறபோது அவளைக் கொண்டுபோய் விடுவான்.

மருமகள் வேலை பார்ப்பது ஊரின் மறுகோடியில், மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தும் பட்டறையில். போன மாதம்தான் அந்தப் பட்டறைக்கே அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். விடியும்போதே போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, மகனுக்கும் ஒழியாது. சாவி போனால் அந்தப் பொறுப்பும் போகும். இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால்கூட சிஸ்டரம்மாவுக்குத் தேவலை என்றிருக்கும். அந்த மௌனம் அவரைக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் நண்பன் வீடு மாற்றுவதற்குச் சாமான் தூக்கக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம், மருமகள் முடியை உச்சியில் அள்ளி முடிந்துகொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். பானெட் திறக்கும் சத்தம் கேட்டதும் சிஸ்டரம்மா காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

"என்னம்மா பண்ற? அவனுக்குத் தெரிஞ்சா குதிப்பான்."

"அத்தை, ஒரு உதவி பண்ணுங்க. டிரைவர் சீட்டுல உக்காருங்க."

"நானா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது!"

"அதனாலதான் கூப்பிடறேன். கியர் நியூட்ரல்ல இருக்கு, ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. சாவியைத் திருப்புங்க, போதும். காலை மடக்கிப் பின்னாடி வச்சுக்குங்க. எதையும் மிதிக்காதீங்க."

சிஸ்டரம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் கிளம்பியது. கிளம்பிக் கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது, இருமியது, நின்றுபோனது.

"நான் ஒண்ணும் பண்ணலயே!" என்று பதறினார்.

"தெரியும் அத்தை. கிளட்ச்சைத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நானும் அன்னிக்கு ஒண்ணும் பண்ணல," என்றாள் மருமகள், கோபமே இல்லாமல். "உங்க பிள்ளை ஓட்டும்போது காலைப் பாருங்க. சிக்னல்ல நின்னா கியரை எடுத்துட்டு, ஆக்ஸிலேட்டரைத் தாளம் போடற மாதிரி லேசா மிதிச்சுக்கிட்டே இருப்பாரு. அவரு அப்படியே பழகிட்டாரு. அவருக்கே தெரியாது. அதனால அவருகிட்ட நிக்கறதுக்கு இதுக்கு நேரமே கிடைக்கல. நான் காலை எடுத்துடுவேன். உடனே மூச்சு நின்னுடுது."

அவன் முழங்கால் துள்ளுவதைச் சிஸ்டரம்மா எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்! சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான் ஆட்டுவான். கண்கொத்திப் பாம்பு மாதிரி எல்லாவற்றையும் பார்க்கிற தன் கண்ணுக்கு இது தப்பிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இந்தப் பெண் பேசாமல் இருந்துகொண்டே எவ்வளவு கவனித்திருக்கிறாள்!

"இப்ப என்ன பண்ணப் போற?"

"த்ராட்டில் பாடின்னு ஒண்ணு இருக்கு அத்தை. என்ஜினுக்குக் காத்து போற வழி. நடுவுல சின்னதா ஒரு கதவு. காலை எடுத்துட்டா அந்தக் கதவு மூடிக்கும், ஓரத்துல இருக்கற இடுக்கு வழியாத்தான் கொஞ்சம் காத்து போகும். அங்க கரி படிஞ்சு அடைச்சிருச்சுன்னு நினைக்கறேன். கழட்டி சுத்தம் பண்ணணும்."

"தொண்டை ஆபரேஷன்னு சொல்லு," என்றார் சிஸ்டரம்மா. உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு எவர்சில்வர் தட்டோடு திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சிஸ்டரம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகலாம். மருமகள் முதலில் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி ஒதுக்கினாள். காற்று வரும் பெரிய ரப்பர் குழாயின் பட்டையைத் தளர்த்தி, குழாயைப் பிடுங்காமல், குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தாள். ஆக்ஸிலேட்டர் கம்பியை விடுவித்தாள். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் வந்து விழுந்தன. சிஸ்டரம்மா அவற்றை விழுந்த வரிசையிலேயே அடுக்கினார். அவள் கையை நீட்டினால் போதும், கேட்பதற்கு முன் ஸ்பேனர் அதில் இருந்தது. எத்தனையோ பெரிய டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவர் சிஸ்டரம்மா. கை நடுங்குகிறவர், கத்துகிறவர், தன் தப்புக்கு நர்ஸைத் திட்டுகிறவர் எல்லாரையும் பார்த்தாயிற்று. இந்தக் கை அந்த ஜாதி இல்லை. இது அவசரமும் படவில்லை, தயங்கவும் இல்லை.

த்ராட்டில் பாடி வெளியே வந்தது. கைப்பிடி அளவு அலுமினியக் கட்டி, நடுவில் வட்டமாக ஓட்டை. அதில் அந்தப் பித்தளைக் கதவு. ஓரம் முழுக்கக் கன்னங்கரேலென்று தார் பூசியதுபோல் இருந்தது. என்ஜினின் திறந்த வாயில் தூசி விழாமல் இருக்க, பட்டறையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணி ஒன்றைச் சுருட்டி அவள் அங்கே அடைத்தாள். மிச்சத் துணிகள் தட்டின் பக்கத்தில் இருந்தன.

கரியைக் கரைக்கும் கிளீனர் ஸ்பிரேயை நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைத்தாள். மூக்கைத் துளைக்கும் நாற்றம். கதவை விரலால் மெல்லத் திறந்து பிடித்துக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள், சுரண்டவே இல்லை. ஒரு சின்ன மூலையில் கரி விடாப்பிடியாக இருந்தபோது பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சி வழிக்குக் கொண்டுவந்தாள். துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுத்தது. கடைசியில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கதவை மூடி, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மூடிய கதவைச் சுற்றி முடி கனத்துக்கு ஒரு வெளிச்ச வளையம்.

"பாருங்க அத்தை. இவ்வளவுதான் அது கேட்டுது."

சிஸ்டரம்மா பார்த்தார். என்னவோ பிறை பார்ப்பதுபோல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் மகனின் போன். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு, பானெட்டைத் திறந்து வச்சிருக்கியாமே? தெரியாத வேலையில கைய வைக்காத. இருக்கறதையும் கெடுத்துடாத, புரியுதா?"

"சரிங்க," என்று அவள் போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது. அதுவரை நிதானமாக இருந்த கை அப்போதுதான் வேகம் எடுத்தது. த்ராட்டில் பாடியைப் பொருத்தினாள், போல்ட்டுகளை முடுக்கினாள், கம்பியை மாட்டினாள், குழாயைச் செருகிப் பட்டையை இறுக்கினாள். பேட்டரி வயரை எடுத்தாள்.

"இரு," என்றார் சிஸ்டரம்மா.

"என்ன அத்தை?"

"மூடினதும் எண்ணணும். எண்ணாம நான் எந்த நோயாளியையும் வெளிய அனுப்பினதில்ல." தட்டைப் பார்த்தார். போல்ட் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்பேனர், பிரஷ், டப்பா எல்லாம் இருந்தன. துணியை எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஆரம்பிக்கறப்ப எண்ணினேன், துணி நாலு. இங்க மூணுதான் இருக்கு."

"காத்துல பறந்திருக்கும் அத்தை."

"காத்தே இல்ல."

மருமகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்ஜினைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போவதைச் சிஸ்டரம்மா கண்ணால் கண்டார். அவள் பட்டையைத் தளர்த்தி, கம்பியை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றினாள். என்ஜினின் வாயில், போட்டது போட்டபடி, வெள்ளைத் துணி உட்கார்ந்திருந்தது.

சாவியைத் திருப்பியிருந்தால் என்ஜின் அதை இழுத்து விழுங்கியிருக்கும். கார் போயிருக்கும். அதோடு, அவன் சொன்னதுதான் சரி என்று காலத்துக்கும் ஆகியிருக்கும்.

அவள் துணியை வெளியே இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே காரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கிவிட்டது. "அவர் சொன்னது சரிதான் அத்தை. எனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்."

"அழுகையைத் தூக்கிக் குப்பையில போடு," என்றார் சிஸ்டரம்மா கறாராக. "தங்கமான கை இருந்த டாக்டரே உள்ள பஞ்சை விட்டுட்டுத் தைக்கப் போனதை நான் நிறுத்தியிருக்கேன். அவரு அழல. எடுத்துட்டு, திரும்பத் தைச்சாரு. கை வேலை செய்யறதுக்கு. எண்ணறதுக்குத்தான் பக்கத்துல ஆளு. உனக்கு இன்னிக்கு ஆளு இருந்துச்சு, அவ்வளவுதான். ஸ்பேனரைப் பிடி."

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தாள். இரண்டாம் முறை பொருத்தியது முதல் முறையைவிட அழகாக இருந்தது. பேட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினாள். என்ஜின் முதலில் தாறுமாறாகக் கத்தியது, கொஞ்சம் புகைந்தது, பிறகு மெல்லத் தணிந்து ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பெடலில் யார் காலும் இல்லை. சிஸ்டரம்மா ஆறிப்போன காபியை எடுத்துவந்து மூடிய பானெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். டம்ளரில் லேசான சிலிர்ப்புதான், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மகன் வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் முழங்கால் துள்ளத் தொடங்கியது.

"காலை எடுங்க," என்றாள் மருமகள்.

"எந்தக் காலை?" என்றவன் குனிந்து தன் காலையே பார்த்தான். எடுத்தான். கார் நிற்கவில்லை. அவன் வெகுநேரம் அந்தக் காலையும் பெடலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு எங்கேயோ உறைத்துவிட்டது. ஆனால் ஆண்பிள்ளை அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருவானா? கடைசி நம்பிக்கையாக அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"நீ கூடவேதானே இருந்தம்மா? எல்லாம் ஒழுங்கா பண்ணாளா? நடுவுல எதுவும் சொதப்பலையே?"

மருமகள் தரையைப் பார்த்தாள். கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற சிஸ்டரம்மா, தன் முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்திருந்த அந்த வெள்ளைத் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இப்படி ஒரு கையை என் சர்வீஸ்லயே பாத்ததில்லடா," என்றார். அதுவும் கண்ணில் பட்டதுதான், பொய் இல்லை. "இறங்கு. சாவியை அவகிட்ட குடு. நாங்க கடைக்குப் போகணும்."

அவன் இறங்கினான். சாவியைக் கொடுத்தான்.

நாலு சாலை கூடும் அதே இடத்தில் சிவப்பு விழுந்தது. மருமகள் நிறுத்தினாள். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டரம்மா விளக்கையே பார்த்தபடி, "அன்னிக்கு நின்னது காரு. நான் போய்ச் சொன்னது உன்னை," என்றார். "மனசுல வச்சுக்காதம்மா."

அவள் கையை நீட்டிக் கியரைப் போட்டாள். பச்சை விழுந்தது. கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சாலையைத் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அத்தை, அந்த நாலாவது துணி எங்க?"

"எந்தத் துணி?" என்றார் சிஸ்டரம்மா.